தூக்கத்தில் நடக்கும் குழந்தைகள்: சேலம், ஏற்காடு பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொண்டலாம்பட்டித் தறி வீடுகளிலிருந்து ஏற்காட்டு எஸ்டேட் குடியிருப்புகள் வரை, இரவில் எழுந்து நடக்கும் பிள்ளையைப் பற்றிய சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். அவசரத்தில் இருப்பவர்கள் வீட்டுப் பாதுகாப்பு, குறட்டை ஆகிய இரண்டு பதில்களை மட்டுமாவது இன்றே படித்துவிடுங்கள். மற்றவற்றை நாளைக்குப் படித்தாலும் குற்றமில்லை.

நடுராத்திரியில எந்திரிச்சு நடக்கிறான். கண்ணு தொறந்துதான் இருக்கு, கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்கல. இது என்னங்க?

தூக்கத்தில் நடப்பதுதான். இரவு முழுக்க நாம் ஒரே மாதிரி தூங்குவதில்லை. லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று மாறி மாறி வரும். ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே முடிந்துவிடும். சிறு பிள்ளைகளுக்கு அது பெரியவர்களைவிட அதிகம். அதிலிருந்து லேசான தூக்கத்துக்கு மாறும் நேரத்தில் சில பிள்ளைகளின் மூளை பாதி மட்டும் விழித்துக்கொள்கிறது. கை காலை இயக்கும் பகுதி விழித்துவிடும். யோசிக்கிற, நினைவில் வைக்கிற பகுதி தூங்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் கதவைத் திறக்கத் தெரிகிறது, அம்மாவை அடையாளம் தெரியவில்லை.

தூங்க ஆரம்பித்து ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வருவதுதான் வழக்கம். எட்டரைக்குத் தூங்கினால் ஒன்பதரைக்கும் பதினொன்றரைக்கும் நடுவே எதிர்பார்க்கலாம். சில நொடியில் முடியலாம், சிலசமயம் அரை மணி வரை நீளலாம். எழுந்து உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்துவிட்டுத் திரும்பப் படுக்கிற பிள்ளைகளும் உண்டு. அதுவும் இந்த வகைதான். காலையில் கேட்டால் எதுவும் ஞாபகம் இருக்காது.

காத்து கருப்பு அடிச்சிருக்கும்னு சொல்றாங்க. முனியப்பன் கோயில்ல மந்திரிச்சா சரியாகுமா?

கோயிலுக்குப் போவதும் விபூதி பூசுவதும் பிள்ளைக்குக் கெடுதல் செய்யாது, பாட்டிக்கும் மனது ஆறும். போய்விட்டு வாருங்கள். மூன்று விஷயங்களில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பிள்ளையை அடிப்பது, முகத்தில் புகை போடுவது, இரவு முழுக்கக் கண்விழிக்க வைப்பது கூடாது. கழுத்தில் தாயத்துக் கயிறு கட்டினால் படுக்கும்போது கழற்றிவிட வேண்டும். நடக்கிற பிள்ளைக்குக் கதவுக் கொண்டியிலோ கட்டில் முனையிலோ அது மாட்டினால் கழுத்து இறுகும். ‘உன்னைப் பேய் பிடிச்சிருக்கு’ என்று பிள்ளையின் காதில் விழும்படி யாரும் சொல்லக் கூடாது. பயந்த பிள்ளை சரியாகத் தூங்காது; தூக்கம் கெட்டால் நடப்பது கூடும்.

மந்திரித்த பிறகு நின்றுவிட்டது என்று பலர் சொல்வதில் பொய் இல்லை. நாலைந்து நாள் தொடர்ந்து வந்துவிட்டுப் பிறகு சில வாரங்கள் எதுவும் இல்லாமல் இருப்பது இதன் இயல்பு. தவிர, மந்திரித்த இரவில் பிள்ளையைச் சீக்கிரம் படுக்கவைத்து அம்மாவும் பக்கத்தில் படுத்துக்கொள்வார். அந்தச் சீக்கிரப் படுக்கைக்குத்தான் பாதி மதிப்பெண் போடவேண்டும்.

தூக்கத்துல நடக்கிறவங்கள எழுப்புனா உசுருக்கே ஆபத்துன்னு மாமியார் சொல்றாங்க. நெசமா?

இல்லை. எழுப்பினால் உயிர் போகாது, இதயம் நிற்காது, பைத்தியம் பிடிக்காது. ஆனால் எழுப்புவது உதவாது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து உலுக்கி எழுப்பினால் எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் பிள்ளை மிரளும், அழும், பிடித்த கையைத் தட்டிவிடும், சிலசமயம் அடிக்கும். அரை நிமிடத்தில் முடிந்திருக்கவேண்டியது பத்து நிமிட ரகளையாகிவிடும். கிணற்றுப் பக்கமோ அடுப்புப் பக்கமோ போனால் யோசிக்கவே வேண்டாம். தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள், முழித்தாலும் பரவாயில்லை.

அப்ப அந்த நேரத்துல நாங்க என்னதான் பண்றது?

பளிச்சென்று எல்லா விளக்கையும் போடாதீர்கள், கத்தாதீர்கள். முன்னால் போய் வழி மறிக்காமல் பக்கவாட்டில் போங்கள். தணிந்த குரலில் பெயரைச் சொல்லி, ‘வா சாமி, படுத்துக்கலாம்’ என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லலாம். தோளிலோ முதுகிலோ லேசாகக் கை வைத்துப் படுக்கையின் திசைக்குத் திருப்பினால் பெரும்பாலான பிள்ளைகள் தாமாகவே நடந்து போய்ப் படுத்துவிடுவார்கள். தொட்டதும் திமிறினால் கையை எடுத்துவிட்டு ஓரடி தள்ளிக் கூடவே நடங்கள். அலைச்சல் முடிந்ததும் தானாகத் தளர்ந்து நிற்கும், அப்போது படுக்கவைக்கலாம். போகிற வழியில் கழிவறையில் நிறுத்திப் பாருங்கள், சில பிள்ளைகள் தூக்கத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டு நிம்மதியாகப் படுத்துவிடும்.

எந்த வயசுல வரும்? எப்ப நிக்கும்?

நடக்கப் பழகிய பிறகு எந்த வயதிலும் வரலாம். அதிகமாகத் தெரிவது 8 வயதிலிருந்து 12 வயதுக்குள். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1,940 பிள்ளைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து தொடர்ந்து கவனித்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், 10 வயதில்தான் உச்சம்: நூற்றுக்குப் பதின்மூன்று பிள்ளைகள் தூக்கத்தில் நடந்திருக்கிறார்கள். ஒரு வகுப்பில் நாற்பது பேர் என்றால் ஏறக்குறைய ஐந்து பேர். உங்கள் பிள்ளை மட்டும் அல்ல. பதின்ம வயதில் ஆழ்ந்த தூக்கம் குறையக் குறையப் பெரும்பாலானோருக்குத் தானாகவே நின்றுவிடும்.

எங்க வீட்டுக்காரரும் சின்ன வயசுல இப்படித்தானாம். பரம்பரையா வருமா?

வரும். மேலே சொன்ன அதே ஆய்வில், பெற்றோர் இருவருக்குமே இந்தப் பழக்கம் இருந்திராத பிள்ளைகளில் 22.5 சதவீதம் பேர் எப்போதாவது தூக்கத்தில் நடந்தார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் அது 47.4 சதவீதம், இருவருக்கும் இருந்தால் 61.5 சதவீதம். எனவே ‘உங்க குடும்பத்துல இருந்துதான் வந்தது’ என்ற சண்டைக்கு ஆதாரம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தத் தகவலின் உண்மையான உபயோகம் வேறு: அப்பாவுக்கு எந்த வயதில் நின்றது, வலிப்பு ஏதும் இருந்ததா என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு வையுங்கள், மருத்துவர் கேட்பார்.

தூக்கத்துல வீல்னு அலறுறா, வேர்த்துக் கொட்டுது, தூக்குனா தள்ளிவிடுறா. கெட்ட கனவா?

நேரத்தைப் பாருங்கள். படுத்த முதல் சில மணி நேரத்தில் அலறி, சமாதானம் செய்தால் ஏற்காமல், காலையில் எதுவுமே நினைவில்லை என்றால் அது தூக்கப் பீதி. தூக்கத்தில் நடப்பதன் உடன்பிறப்பு. விடியற்காலம் எழுந்து, உங்களை அடையாளம் கண்டு கட்டிக்கொண்டு, ‘நாய் தொரத்துச்சும்மா’ என்று சொன்னால் அது கனவு. கனவு கண்ட பிள்ளைக்கு அணைப்பு வேண்டும். பீதியில் இருக்கும் பிள்ளையை இறுக்கிப் பிடித்தால் இன்னும் மிரளும். விழுந்து அடிபடாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

சிறு வயதில் தூக்கப் பீதி வந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பிற்பாடு நடக்கவும் செய்கிறார்கள். அலறல் நின்றுவிட்டது என்று கதவுப் பக்கம் அசட்டையாக இருந்துவிடாதீர்கள்.

தெனமும் வர்றதில்ல. சில நாள் மட்டும் ஏன் வருது?

முதல் காரணம் தூக்கக் குறைவு. தூக்கம் பாக்கி வைத்த பிள்ளை அடுத்த இரவில் இன்னும் ஆழமாகத் தூங்கும். அந்த ஆழத்திலிருந்து மேலே வரும்போதுதான் தடுமாறும். ஆடியில் குகை மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கை பார்த்துவிட்டு நள்ளிரவில் வீடு திரும்பினால், கவனமாக இருக்கவேண்டியது அன்றும் அதற்கடுத்த ஓரிரு இரவுகளிலும். கோடை விடுமுறையில் பதினொரு மணிக்குப் படுத்துப் பழகிய பிள்ளை, பள்ளி திறந்ததும் ஆறு மணிக்கு எழும் அந்த ஜூன் மாதமும் அப்படித்தான்.

அடுத்தது காய்ச்சல். பிறகு நிறைந்த சிறுநீர்ப்பை, புது இடம், மனதில் சுமை: புதுத் தம்பி, புதுப் பள்ளி, வீட்டில் சண்டை. திடீர்ச் சத்தமும் காரணமாகும். பக்கத்து வீட்டு விசைத்தறி ஒரே சீராக ஓடினால் பிள்ளைக்குப் பழகிவிடும். நின்றிருந்த தறியை இரவு பத்து மணிக்கு ஓட்ட ஆரம்பிப்பதுதான் சிக்கல். குறட்டையும் கால் குடைச்சலும் தனியாகப் பேசவேண்டியவை, கீழே இருக்கின்றன.

எத்தன மணிக்குப் படுக்க வைக்கணும்?

எழும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். 3 முதல் 5 வயதுக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து, நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேரம். 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம். ஏழு மணி வேனுக்கு ஆறு மணிக்கு எழும் ஏழு வயதுப் பிள்ளை எட்டரைக்குள் தூங்கியிருக்க வேண்டும். படுக்கவைத்தது எட்டரை, தூங்கியது ஒன்பதேகால் என்றால் கணக்கில் வருவது ஒன்பதேகால்தான்.

நடக்கிற பிள்ளைக்கு இருக்கும் நேரத்தைவிட அரை மணி முன்னதாகப் படுக்கவைத்து இரண்டு வாரம் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே செல்போனும் டி.வி.யும் அணையட்டும், கடைசி டம்ளர் தண்ணீரும் அதற்கு முன்பே முடியட்டும், படுக்கும் முன் ஒருமுறை கழிவறை. மாலைக் காபி வேண்டாம். ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்கு நடுவிலேயே வளர்கிற பிள்ளையானாலும். மூன்று நான்கு வயதுக்காரரின் மதியத் தூக்கத்தை ‘ராத்திரி நல்லாத் தூங்கட்டும்’ என்று பிடுங்குவது இந்தப் பிரச்சினையில் எதிர்விளைவையே தரும்.

வீட்டுல என்னென்ன மாத்தணும்?

செலவழிப்பதாக இருந்தால் முதல் ரூபாயை வாசல் கதவுக்குச் செலவிடுங்கள். தினமும் திறந்து பழகிய தாழ்ப்பாளைத் தூக்கத்திலும் பிள்ளை திறந்துவிடும். அதனால் தரையிலிருந்து ஐந்தரை அடி உயரத்தில் புதிதாக ஒரு தாழ்ப்பாள் வையுங்கள், வாசல் கதவுக்கும் கொல்லைக் கதவுக்கும் மாடிக் கதவுக்கும். கையெட்டும் தூரத்தில் முக்காலியோ பிளாஸ்டிக் நாற்காலியோ இருக்கக் கூடாது. பெரியவர்கள் எல்லோருக்கும் அந்தத் தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பூட்டுப் போட்டால் சாவி ஒரே ஆணியில் தொங்க வேண்டும். தீ விபத்து நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

மொட்டை மாடி அடுத்தது. சேலத்து மே மாத வெக்கையில் குடும்பமே மாடியில் படுப்பது சகஜம், ஆனால் தூக்கத்தில் நடக்கிற பிள்ளையை அங்கே படுக்கவைக்கக் கூடாது, கைப்பிடிச் சுவர் இருந்தாலும்கூட. கீழேயே, காற்றாடிக்கு அடியில், தரையில் பாயோ மெத்தையோ போட்டுப் படுக்கட்டும். அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு வேண்டவே வேண்டாம். மாடி அறையில் படுக்கிற பிள்ளையைக் கீழே மாற்றுங்கள். முடியாவிட்டால் படிக்கட்டின் மேல்முனையில் இடுப்புயரக் கம்பிக் கதவு போடலாம். பாதியுயரப் பலகையைச் சாய்த்துவைப்பது ஆபத்து, அதில் இடறித் தலைகீழாக விழும். ஜன்னலில் கம்பி இல்லாத அறையைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

தறி வீடுகளில் கவனிக்கவேண்டியது தறிக்குழி. இரவு வேலை முடிந்ததும் கால்மிதிக் குழியைக் கனமான பலகையால் மூடுங்கள். துணி போர்த்தினால் குழி இருப்பதே தெரியாமல் போய்விடும். தறியில் ஓடும் நாடா, கத்தரி, ஊசி எல்லாம் உயரத்தில். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வீட்டிலேயே கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்கள் ஆசிட் கேனையும் கேஸ் ஊதுகுழாயையும் பூட்டி வைக்கவேண்டும். இதில் சமரசமே இல்லை.

சமையலறையில் சிலிண்டர் ரெகுலேட்டரை இரவில் மூடிவிடுங்கள். அரிவாள்மனை, கத்தி உள்ளே போகட்டும். தரைத்தொட்டி மூடிக்குப் பூட்டு; கிணற்றுக்குக் கம்பி வலை. கொசுவர்த்திச் சுருள் நடைபாதையில் வேண்டாம். டூவீலர் சாவி வண்டியில் தொங்க வேண்டாம். படுக்கையிலிருந்து கழிவறை வரை தரையில் பொம்மை, குடம், ஒயர் எதுவும் கிடக்கக் கூடாது. மங்கலான இரவு விளக்கு ஒன்று அந்த வழியில் எரியட்டும்; அது பிள்ளைக்காக என்பதைவிடப் பின்னால் ஓடிவரும் உங்களுக்காக.

பேசாம ரூமை வெளிய பூட்டிட்டா? இல்ல, சேலையால கால கட்டி வெச்சா?

இரண்டும் கூடாது. தனியாக அறைக்குள் பூட்டினால் தீ, புகை என்று ஏதாவது நடந்தால் பிள்ளை வெளியே வர முடியாது. பூட்டிய கதவைத் தூக்கத்தில் இடித்துக் கையை உடைத்துக்கொள்ளவும் கூடும். கட்டிவைத்த பிள்ளை எழுந்து விழும். துணி கழுத்தில் சுற்றவும் வாய்ப்பு உண்டு. வீட்டுக்கு வெளியே போகும் கதவைத்தான் பூட்டவேண்டும், பிள்ளையை அல்ல. யாராவது ஒரு பெரியவர் அதே அறையில், கதவுப் பக்கமாகப் படுத்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

கொலுசு போட்டுவிட்டா சத்தம் கேக்குமே, அது போதுங்களா?

சேலத்தில் இந்த யோசனை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஏற்கெனவே கொலுசு போடும் பெண் பிள்ளை என்றால் உதவும்தான். ஆனால் உங்கள் தூக்கம் கனமானது என்றால் அந்தச் சத்தம் எழுப்பாது. முத்து உதிரும் கொலுசு சிறு குழந்தை இருக்கும் வீட்டில் ஆபத்து, உதிர்ந்த முத்தை வாயில் போட்டுக்கொள்ளும். அறைக் கதவின் மேல்முனையில் ஒரு பூஜை மணியைத் தொங்கவிடுவது மேல். எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் காந்தக் கதவு அலாரம் இன்னும் நல்லது: ஒரு துண்டைக் கதவிலும் மற்றதை நிலையிலும் ஒட்டவேண்டும், பிரிந்தால் கத்தும். மாதம் ஒருமுறை பேட்டரி இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். அலாரம் கூடுதல் உதவி. உயரத் தாழ்ப்பாளுக்கு அது மாற்று அல்ல.

பீரோ மூலையில போய் ஒண்ணுக்கு இருந்துட்டான். வேணும்னே பண்றானோ?

இல்லை. சிறுநீர்ப்பை நிறைந்து அரைகுறையாக விழித்திருக்கிறான், கால் கழிவறையைத் தேடியிருக்கிறது, இடம் பிசகிவிட்டது. திட்டினால் எதற்குத் திட்டு என்றே அவனுக்குப் புரியாது. படுக்கும் முன் கழிவறை என்பது மேலேயே சொன்னதுதான். அதோடு, நீங்கள் படுக்கப் போகும் பத்து மணி வாக்கில் ஒருமுறை கூட்டிப்போகலாம். மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்தும்.

நடந்ததைக் காலையில் அண்ணன் அக்கா முன்னால் நடித்துக் காட்டிச் சிரிப்பது பல வீடுகளில் வழக்கம். அதை நிறுத்துங்கள். வெட்கத்தில் படுக்கவே பயப்படும் பிள்ளைகள் உண்டு.

நடக்கிறதோட குறட்டையும் விடுறா. சளின்னு விட்டுட்டோம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கிறது. இதைத்தான் அதிகமாகத் தவறவிடுகிறார்கள். மூக்குக்குப் பின்னாலிருக்கும் அடினாய்டும் தொண்டையிலிருக்கும் டான்சிலும் வீங்கினால் தூக்கத்தில் மூச்சு தடைபடும். மூச்சுக்காக மூளை இரவில் பலமுறை அரைகுறையாக விழிக்கும். அப்படி விழிப்பதில் ஒன்று நடையாக மாறும். 2003-ல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வில், தொடர்ந்து தூக்கப் பீதியோ நடையோ இருந்த 84 பிள்ளைகளில் 49 பேருக்கு இப்படி மூச்சுத் தடை இருந்தது. அவர்களில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 43 பேருக்கும் நடையும் பீதியும் நின்றுவிட்டன.

வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் சளி இல்லாமலேயே குறட்டை, வாயைத் திறந்து தூங்குவது, கழுத்தைப் பின்னால் வளைத்துப் படுப்பது, மூச்சு நின்று பிறகு ‘ஹக்’ என்று இழுப்பது, தலையணை நனைய வியர்ப்பது, விட்டுப்போயிருந்த படுக்கை நனைத்தல் திரும்ப வருவது, பகலில் தூங்கி வழிவது அல்லது ஓர் இடத்தில் உட்காராமல் துறுதுறுப்பது: இவற்றில் சில இருந்தாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். எல்லோருக்கும் அறுவை சிகிச்சை என்று அர்த்தமில்லை. லேசாக இருந்தால் மூக்கில் அடிக்கும் மருந்தோடு சில வாரம் பார்ப்பார்கள்.

ராத்திரியில கால் குடையுது, அமுக்கிவிடுங்கிறான். வளர்ற வயசுன்னு சொல்றாங்களே?

படுத்த பிறகுதான் ஆரம்பிக்கிறது, காலை ஆட்டினால் குறைகிறது, தூக்கத்திலும் உதைக்கிறான் என்றால் வளரும் வயது என்று தள்ளிவிட வேண்டாம். அமைதியற்ற கால் என்ற தொந்தரவாக இருக்கலாம். அதுவும் தூக்கத்தைத் துண்டாக்கி நடக்கவைக்கும். பெரும்பாலும் பின்னால் இருப்பது இரும்புச்சத்துக் குறைவு. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடலின் இரும்புச் சேமிப்பு தீர்ந்திருக்கலாம், அதைக் காட்டுவது ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனை. 50-க்குக் கீழே இருந்தால் இந்தத் தொந்தரவு உள்ள பிள்ளைக்கு இரும்பு மருந்து கொடுப்பதை மருத்துவர்கள் யோசிப்பார்கள், பரிசோதனைத் தாளில் ‘நார்மல்’ என்று போட்டிருந்தாலும். நீங்களாக டானிக் வாங்கி ஊற்றாதீர்கள்; இரும்பு அளவு மீறினால் நஞ்சு. சாப்பாட்டோடு டீ குடிக்கும் பழக்கத்தை மட்டும் இன்றே நிறுத்தலாம், அது இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும்.

நடக்கிற நேரத்துக்கு முன்னாடியே எழுப்பிவிட்டா நின்னுடுமாமே?

ஒரே நேரத்தில் வருகிற நடைக்கு இந்த முறை பல பிள்ளைகளுக்குப் பலன் தந்திருக்கிறது. முதலில் இரண்டு வாரம் குறிப்பெடுங்கள்: தூங்கிய நேரம், நடந்த நேரம், எவ்வளவு நேரம், அன்று காய்ச்சலா, விசேஷமா. பத்தரை மணி வாக்கில்தான் வருகிறது என்று தெரிந்தால், பதினைந்திலிருந்து முப்பது நிமிடம் முன்னதாக, அதாவது பத்துக்கும் பத்தேகாலுக்கும் நடுவே, மெதுவாகத் தட்டுங்கள். கண்ணைத் திறந்து ‘ம்’ என்று சொன்னால் போதும். எழுந்து உட்கார்ந்து பேசவேண்டியதில்லை, திரும்பத் தூங்கவிடுங்கள். இப்படி ஒரு இரவும் விடாமல் இரண்டிலிருந்து நான்கு வாரம்.

இரண்டு இடத்தில் கெட்டுப்போகும். நேரம் இரவுக்கு இரவு மாறுகிற பிள்ளைக்கு இது சரிவராது. எழுப்பும்போதே நடை தொடங்கிவிட்டால் நீங்கள் தாமதம். மறுநாள் பதினைந்து நிமிடம் முன்னுக்குத் தள்ளுங்கள். தூக்கக் குறைவைச் சரிசெய்யாமல் இதை ஆரம்பிப்பதில் அர்த்தமில்லை.

லீவுக்கு ஏற்காடு போய் ரெண்டு நாள் தங்கலாம்னு இருக்கோம். பயமா இருக்கு.

போகலாம். ஆனால் மேலே சொன்ன காரணங்கள் அங்கே ஒன்றாகச் சேருகின்றன: 20 கொண்டை ஊசி வளைவு ஏறிய களைப்பு, வாந்தி, வெளியே சுற்றிவிட்டுத் தாமதமான படுக்கை, பழகாத அறை. வீட்டில் ஒரு மாதமாக நடக்காத பிள்ளையும் அங்கே நடக்கலாம்.

அறை எடுக்கும்போதே தரைத்தளம் கேளுங்கள். பால்கனி, சரிவைப் பார்த்த வாசல், படிக்கட்டுத் தொடக்கம், தண்ணீர்த் தொட்டி எங்கே என்று வெளிச்சம் இருக்கும்போதே சுற்றிப் பார்த்துவிடுங்கள். மேல் தாழ்ப்பாள் இல்லாவிட்டால் கதவை ஒட்டி அப்பா படுக்கட்டும்; வீட்டு பூஜை மணியையோ கதவு அலாரத்தையோ பையில் போட்டுக்கொண்டு வரலாம். எஸ்டேட் பக்கத்து விடுதி என்றால் இரவில் காட்டெருமை நடமாட்டமும் இருக்கும், வாசல் கதவு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். குளிருக்கென்று கரி அடுப்பை அறைக்குள் வைக்காதீர்கள்: பிள்ளை மிதித்துவிடும், அதைவிட மோசம் அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு. வீட்டுப் போர்வையைக் கொண்டுபோங்கள், வீட்டு நேரத்துக்கே படுக்கவையுங்கள்.

இது வலிப்பா இருக்குமோ? ஸ்கேன் எடுக்கணுமா?

நடக்கிற எல்லாப் பிள்ளைக்கும் ஸ்கேனும், மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி.யும் தேவையில்லை. சந்தேகப்படவேண்டிய அடையாளங்கள் வேறு. ஒரே இரவில் பலமுறை வருவது. ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள் சட்டென்று தொடங்கிச் சட்டென்று முடிவது. ஒவ்வொரு முறையும் அச்சுப்போல ஒரே அசைவு, அதாவது ஒரே கை விறைப்பது, ஒரே பக்கம் முகம் திரும்புவது, சைக்கிள் மிதிப்பதுபோல் கால் உதைப்பது. விடியற்காலையிலோ பகல் தூக்கத்திலோ வருவது. பகலிலும் வெறித்துப் பார்த்து நின்றுவிடுவது. இப்படி இருந்தால் குழந்தை நரம்பியல் மருத்துவர்தான் பார்க்கவேண்டும். பகலில் எடுக்கும் சாதாரண ஈ.ஈ.ஜி. சரியாக இருந்தாலே வலிப்பு இல்லை என்று முடிவுகட்ட முடியாது. தேவைப்பட்டால் தூக்கத்தில் வீடியோவோடு சேர்த்து எடுப்பார்கள்.

தூக்க மருந்து ஏதாச்சும் குடுத்தா அசையாமத் தூங்குவான்ல? சளி சிரப் குடுத்தாவே தூங்கிடுறான்.

தயவுசெய்து வேண்டாம். இங்கே தூக்கத்தை ஆழமாக்குவதால் நடை நிற்காது. தூக்கம் வரவைக்கும் சளி மருந்துகள் கால் குடைச்சலை அதிகப்படுத்தும். குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த சளி சிரப்பை 4 வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023-ல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே சொல்லிவிட்டது.

காயம் படும் அளவுக்கு அடிக்கடி நடக்கிற, மற்ற வழிகள் பலிக்காத சில பிள்ளைகளுக்கு குளோனாசிபாம் போன்ற மருந்தை நிபுணர் சிறிய அளவில், சில காலத்துக்கு மட்டும் தருவதுண்டு. அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. குறட்டை இருக்கும் பிள்ளைக்கு அது மூச்சுத் தடையைக் கூட்டும், அதனால் முதலில் குறட்டையைப் பார்த்தாக வேண்டும். வேறு நோய்க்குப் புதிதாக ஆரம்பித்த மருந்துக்குப் பிறகு நடக்க ஆரம்பித்திருந்தால், நீங்களாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்தவரிடமே சொல்லுங்கள்.

எப்ப டாக்டர்கிட்ட போகணும்? யாருகிட்ட?

அடிபட்டாலோ, வீட்டைவிட்டு வெளியே போய்விட்டாலோ உடனே. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை என்று ஒரு மாதம் நீடித்தாலும், பகலில் தூக்கக் கலக்கம் இருந்தாலும், பதின்ம வயதில் முதன்முதலாக ஆரம்பித்தாலும் போகவேண்டும். முதலில் குழந்தை மருத்துவர். அவர் தேவைப்பட்டால் காது மூக்கு தொண்டைக்கோ நரம்பியலுக்கோ அனுப்புவார். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புறநோயாளியாகக் காட்டலாம்.

கையில் இரண்டு கொண்டுபோங்கள்: மேலே சொன்ன இரண்டு வாரக் குறிப்பு, செல்போன் வீடியோ. வீடியோவில் எழுந்த தருணமும் முடிவும் இருந்தால் நல்லது, முகமும் கைகளும் தெரியவேண்டும். குறட்டை இருந்தால் சட்டையைத் தூக்கி நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் தனியாக எடுங்கள். மருத்துவருக்குக் காட்டத்தான் அந்த வீடியோ, குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அல்ல.

ஏற்காட்டுல ஹாஸ்டல்ல சேக்கப் போறோம். சொன்னா சீட்டு தரமாட்டாங்கன்னு மறைச்சிடலாமா?

மறைக்காதீர்கள். புது இடம், வீட்டு ஏக்கம், விடியற்காலை மணி: முதல் மாதத்தில் நடை திரும்ப வர எல்லாக் காரணமும் அங்கே இருக்கிறது. தெரியாத வார்டன் பிள்ளையைத் தப்பியோட முயன்றதாக நினைத்துத் தண்டிக்கக்கூடும். தெரிந்த வார்டன் படுக்கையை மாற்றிக் கொடுப்பார். ஆறு மாதமாக வாரம் ஒருமுறைக்கு மேல் நடக்கிற பிள்ளை என்றால் ஒரு வருடம் தள்ளிப்போடுவதே நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம்.

சேர்ப்பதானால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: வழக்கமாக நடக்கும் நேரம்; கீழ்க்கட்டில், தரைத்தளம், படிக்கட்டிலிருந்து தள்ளிய இடம்; எழுப்பாமல் திருப்பிப் படுக்கவைக்கும் முறை; காய்ச்சல் வந்த இரவில் கூடுதல் கவனம்; உங்கள் செல்போன் எண் இரண்டு. இரவுக் காவலரிடமும் அந்தத் தாளின் நகல் ஒன்று இருக்கட்டும், பெரும்பாலும் முதலில் பார்ப்பவர் அவர்தான்.